சொல்லாமல் எடுத்த பத்தி

ஆவுடையப்பன் வந்ததும் வராததுமாகச் செல்போனை டீச்சர் முன்னால் நீட்டினார்.

"இதுல ஏதாவது பிழை இருக்கான்னு பாருங்க."

டீச்சர் என்பது அவர் வைத்த பெயர். பிரிசில்லா எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் எடுத்தவர் இல்லை. ஓர் இணைய இதழுக்கு வருகிற கட்டுரைகளைத் திருத்துகிறவர், வயது முப்பத்தெட்டு. ஆவுடையப்பனுக்கு அறுபத்திரண்டு. நில அளவைத் துறையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு ஊர்ச் செய்திக்கென்று ஓர் இணையதளம் தொடங்கி, எழுதியதைத் திருத்தக் கற்றுக்கொள்ள பிரிசில்லாவிடம் வந்து சேர்ந்தவர். மகள் வயசுக்காரியிடம் பாடம் கேட்கிறாரே என்று ஊரில் சிரித்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை.

டீச்சர் நிதானமாகப் படித்தார். ஆனி மாதம் நடந்த ஒரு கல்யாணத்தின் மறுவீட்டு விருந்தில் இருபத்தாறு பேருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. வெளியிலிருந்து வாங்கி வந்த ஐஸ்கிரீம்தான் காரணம் என்று சோதனையில் தெரிந்தது. அவ்வளவுதான் செய்தி.

"ஒரு பிழையும் இல்லையே அண்ணாச்சி."

"இல்லேல்லா? ஆனா ஒரு மனுசன் பொழப்பு போயிட்டு டீச்சர்."

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். அவர் முதலில் போட்ட செய்தியில் ஐஸ்கிரீமே கிடையாது. தேங்காய்ப்பாலில் வைத்த சொதி இருந்தது. கெட்டுப்போன பாலில் சொதி வைத்தது சமையல்காரர் கோலப்பனின் அலட்சியம் என்று முழுசாக ஒரு பத்தி இருந்தது. மண்டப வாசலில் யாரோ சொன்னது அது. வேறு யாரும் போடுவதற்கு முன்னால் போட்டுவிட வேண்டும் என்று அவசரம். சாயங்காலம் உண்மை தெரிந்ததும் அந்தப் பத்தியை எடுத்துவிட்டு ஐஸ்கிரீமை எழுதினார். அந்தப் பத்தி ஆறு மணி நேரம்தான் இருந்தது.

"எடுத்துட்டேன்னு ஒரு வரி சொன்னீங்களா?"

"இல்ல. சத்தமில்லாம எடுத்தா யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன்."

"என்ன தெரியாது?"

"நான் தப்பா எழுதுனது."

அதற்குள் அந்தப் பத்தி வாட்ஸ்அப்பில் கல்யாண வீடு கல்யாண வீடாகப் போய்விட்டது. ஆவணி முகூர்த்தங்களுக்குக் கோலப்பனைப் பேசி வைத்திருந்தவர்கள் வரிசையாக வேண்டாம் என்றார்கள். அவரும் சும்மா இருக்கவில்லை. திருத்திய செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் காட்டியிருக்கிறார்.

"அவரு வீட்டம்மா ரேஷன் கடையில வச்சு அழுதுக்கிட்டே சொன்னாங்க டீச்சர். காட்டுன எடத்துல எல்லாம் என்ன கேட்டாங்களாம் தெரியுமா? 'காலையில ஒம் பேரு இருந்துது. இப்ப இல்ல. எழுதுனவருக்கு என்ன குடுத்து எடுக்க வச்சே?'ன்னு கேட்டாங்களாம்."

டீச்சர் செல்போனைக் கவிழ்த்து வைத்தார்.

"இப்ப நான் எதைத் திருத்தணும்? தப்பா ஒரு வரிகூட அதுல இல்லையே."

டீச்சர் ஒரு தாளையும் பேனாவையும் அவர் பக்கம் தள்ளினார். "எடுத்ததைச் சொல்லி எழுதுங்க."

அவர் எழுதினார்: 'இச்செய்தியின் முந்தைய வடிவில் சில தவறான தகவல்கள் இடம்பெற்றுவிட்டன. வருந்துகிறோம்.' அரசாங்கத்தில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டியவருக்கு இந்த நடை தானாக வரும்.

"என்ன தகவல்?"

"சொதி."

"எழுதலையே. யாரைப் பத்தி?"

"கோலப்பன்."

"அவர் பேரும் இல்ல. பழி போடும்போது பேரோடதானே போட்டீங்க? சரி, வருந்துறது எத்தனை பேரு?"

ஆவுடையப்பன் தலை குனிந்தார். "நான் ஒருத்தன்தான்."

தாள் அவரிடமே திரும்பியது. இரண்டாம் தடவை எழுதியதும் திரும்பி வந்தது. மூன்றாம் தடவை எழுதினார்:

'சமையல்காரர் கோலப்பன் வைத்த சொதிதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று நான் எழுதினேன். அது பொய். நான் விசாரிக்காமல் எழுதினேன். உண்மை தெரிந்ததும் என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள அதை யாருக்கும் சொல்லாமல் எடுத்தேன். எடுக்கச் சொல்லி அவர் என்னிடம் வரவே இல்லை. ஆவுடையப்பன்.'

டீச்சர் அதில் பேனா வைக்கவில்லை.

"செய்திக்கு மேல போடுங்க. அடியில வேண்டாம்."

போட்டார். அந்தப் பத்தியை ஊரெல்லாம் அனுப்பிய புண்ணியவான்களில் ஒருவர்கூட இதை யாருக்கும் அனுப்பவில்லை. முப்பது பேர் படித்திருந்தால் அதிகம்.

ஆவணி பிறந்து பத்து நாள் கழித்து ஆவுடையப்பன் மறுபடியும் வந்தார். ஆள் பாதியாகி இருந்தார்.

"கோலப்பன் ஊர்லயே இல்ல டீச்சர். பாத்திரம் பண்டத்தை எல்லாம் வித்துட்டு, திருப்பூர்ல ஏதோ மெஸ்ஸுல போய்ச் சேந்துட்டாராம். இருபது வருசமா ஆயிரம் பேருக்குச் சமைச்சுப் போட்ட மனுசன். அங்க காய் நறுக்குதாராம்."

டீச்சருக்கும் அது வலித்தது. ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"அன்னைக்கு ஒங்ககிட்டக் காட்டிட்டுப் போட்டிருந்தா இப்படி ஆயிருக்காதுல்லா?"

"ஆயிருக்கும் அண்ணாச்சி."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"சொதி எப்படி இருந்துதுன்னு எனக்கு என்ன தெரியும்? நான் வாக்கியத்தைச் சரிபண்ணிக் குடுத்திருப்பேன். இன்னும் நாலு பேரு சேத்துப் படிச்சிருப்பாங்க."

"அப்ப நான் யாருகிட்டக் காட்டியிருக்கணும்?"

"கோலப்பன் வீடு எங்க இருந்துது?"

"எங்களுக்கு அடுத்த தெருதான். நடந்தா அஞ்சு நிமிசம்."

"திருப்பூருக்கு?"

"பஸ்ஸுல எட்டு மணி நேரம் ஆவும்."

"போயிட்டு வாங்க."

ஆவுடையப்பன் எழுந்தார். வாசல் வரை போய்த் திரும்பி நின்றார்.

"போய் அவருகிட்ட என்ன டீச்சர் சொல்ல?"

"ஒண்ணும் சொல்லாதீங்க. அன்னைக்கு அடுப்படியில என்ன நடந்துதுன்னு கேளுங்க. இன்னும் யாரும் அவர்கிட்ட கேக்கலை."