கார் விலைக்கு ஒரு ஒயர்

கோயமுத்தூரில் திருமூர்த்தி என்று ஒரு கிரானைட் முதலாளி. தன் காதை மட்டும் கடவுள் தனியாக உட்கார்ந்து செய்ததாக அவருக்கு நினைப்பு. கார் விலைக்கு ஒரு ஸ்பீக்கர் ஒயர் வரவழைத்தார். "சாயங்காலத்துக்குள்ள மாட்டி வை" என்று டிரைவர் ஆறுக்குட்டியிடம் கொடுத்துவிட்டு, பெரிய மனிதர்களை அழைத்துவரத் தானே காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அன்று ஞாயிறு. மாலையில் பாட்டு ஓடியது.

"பழைய ஒயர்ல இந்தத் தம்புராவே கேக்காது!" என்றார் முதலாளி. விருந்தாளிகள் கண்ணை மூடி உருகினார்கள். பாடகியின் மூக்குத்தி அசைவதுகூடக் கேட்கிறது என்றார் ஒரு டாக்டர்.

ஆறுக்குட்டி மட்டும் பேசாமல் காபி கொடுத்துக்கொண்டிருந்தான்.

"என்னடா, உனக்கு வித்தியாசம் தெரியலையா? செவிடன் எனக்கு வண்டி ஓட்ட வேண்டாம். என்ன கேட்டுதுன்னு சொல்லு, இல்லைன்னா சாவியை வெச்சுட்டுக் கிளம்பு!"

ஆறுக்குட்டி தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான்.

"அந்த ஒயரோட சக்தியே சக்திங்க! ராகுகாலம் முடிஞ்சு, பூஜை போட்டுத்தான் பிரிக்கோணும்னு அம்மா சொல்லிப்போட்டாங்க. இன்னும் பெட்டியோட சாமி ரூம்லதானுங்க இருக்குது. அங்க இருந்துக்கிட்டே இப்படிப் பாடுதுங்களே, மாட்டினா என்ன ஆகுமோங்க!"

உருகி மூடிய கண்களைத் திறக்க அங்கே யாருக்கும் தைரியம் வரவில்லை.