செய்திக்கு ஒரு பட்டயம்

மலைகள் சூழ்ந்த ஒரு நாட்டை முன்னொரு காலத்தில் ஓர் அரசர் ஆண்டுவந்தார். அவருடைய ஒரே மகள் கயற்கண்ணி, மலைகளுக்கு அப்பாலுள்ள நாட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவளைப் பிரிந்த நாள் முதல் அரசருக்குச் சோறு இறங்கவில்லை. போய்ப் பார்க்கவும் முடியாது. அழைப்பில்லாமல் ஓர் அரசர் அடுத்த நாட்டு எல்லையை மிதித்தால் அது படையெடுப்பாகிவிடும்.

அமைச்சர் மாதவராயர் கெட்டிக்காரர். மலையுச்சிகளில் பெரிய கண்ணாடிகளை நிறுத்தி, வெயிலைத் திருப்பிக் காட்டிச் செய்தி அனுப்பும் வழியைக் கண்டுபிடித்தார். காலையில் மகள் சொன்னது மத்தியானத்துக்குள் வந்து சேர்ந்தது. "நலமாக இருக்கிறேன் அப்பா" என்ற முதல் செய்தியைக் கேட்டு அரசர் அழுதுவிட்டார்.

"என்ன வேண்டும், கேளும்" என்றார்.

"இரு அரண்மனைகளுக்கும் நடுவே எந்த வழியிலும் செய்தி அனுப்பும் உரிமை, என் ஆயுள் உள்ளவரை எனக்கு மட்டுமே வேண்டும், அரசே."

மகிழ்ச்சியில் இருந்த அரசர் யோசிக்காமல் செப்புப் பட்டயம் வெட்டிக் கொடுத்தார்.

கண்ணாடியைப் பார்த்தவர்களுக்குப் புதுப்புது யோசனைகள் தோன்றின. ஒருவர் வண்ணப் புகை விட்டுப் பார்த்தார். தேவானை என்ற பெண், முரசொலியைச் சொற்களாக்கி மழையிலும் கேட்கும்படி செய்தாள். மாதவராயர் பட்டயத்தைக் காட்டி எல்லோரையும் தடுத்தார். தூதனைக்கூட விடவில்லை. மகளின் சொல்லை அரசர் காதில் சேர்ப்பவர் தான் ஒருவராகவே இருக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை.

அந்த ஆண்டு மழை விடாமல் பெய்தது. கண்ணாடிகள் ஊமையாயின. கயற்கண்ணி கருவுற்றிருக்கிறாள் என்பதே கடைசியாக வந்த செய்தி. மேகம் மூடிய மலையைப் பார்த்தபடியே அரசர் உட்கார்ந்திருந்தார். ஒருநாள் பொறுக்கமுடியாமல் விகடகவி அம்பலவாணரை அழைத்தார்.

"என் மகள் எப்படி இருக்கிறாள் என்று எனக்குத் தெரிய வேண்டும். கொடுத்த வாக்கையும் மீறமாட்டேன்."

மாதவராயர் குறுக்கிட்டார். "செய்தி எதுவும் அனுப்பாமல், கொண்டுவராமல் விகடகவி அதைச் செய்துகாட்டட்டும். முடியாவிட்டால் அவையை விட்டு விலகட்டும்."

"ஆகட்டும்" என்றார் அம்பலவாணர்.

ஒரு காலிப் பல்லக்குடன் மழையில் மலையேறிப் போனார். அந்த அரண்மனை வாசலில் பல்லக்கை இறக்கி வைத்துவிட்டு, ஒரு சொல்லும் பேசாமல் நின்றார். கயற்கண்ணி அதைப் பார்த்தாள். தலைப்பிரசவத்துக்கு அப்பா வீடு கூப்பிடுகிறது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கணவனிடம் விடைபெற்று ஏறிக்கொண்டாள்.

அம்பலவாணர் அவைக்குள் வெறுங்கையோடு நுழைந்தார்.

"செய்தி எங்கே?" என்றார் மாதவராயர்.

"செய்தி எதுவும் இல்லை, அமைச்சரே."

அவர் விலகி நின்றதும், நனைந்த கூந்தலுடன் கயற்கண்ணி உள்ளே வந்தாள்.

"இளைத்துவிட்டீர்களே அப்பா" என்றாள்.

அரசர் அரியணையை விட்டு இறங்கி வந்தார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இது பட்டயத்தை மீறிய செயல்" என்றார் மாதவராயர்.

"செய்தி அனுப்பத்தானே தடை? மகளை அழைத்துவரத் தடை இல்லையே" என்றார் அம்பலவாணர். பிறகு அரசரைப் பார்த்துக் கைகூப்பினார். "கண்ணாடி அமைச்சரின் மூளையில் பிறந்தது. அதற்கு அவரே உரிமையாளராக இருக்கட்டும். ஆனால் இன்னும் பிறக்காத பிள்ளைகளுக்கெல்லாம் தானே தகப்பன் என்று ஒருவர் பட்டயம் கேட்கலாமா, அரசே?"

கயற்கண்ணி தன் வயிற்றைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். மாதங்களுக்குப் பிறகு அரசரும் சிரித்தார். அங்கேயே பட்டயத்தைத் திருத்தி எழுதச் சொன்னார். கண்ணாடி மட்டும் மாதவராயருக்கு, அதுவும் சில ஆண்டுகளுக்கு. அம்பலவாணருக்குத் தம் முத்துமாலையைக் கழற்றிப் போட்டார்.

கொட்டும் மழையில் பெண் குழந்தை பிறந்தது. மலைக்கு அப்பால் காத்திருந்த தகப்பனுக்குத் தேவானையின் முரசுகள் சேதி சொல்லின. பதில் முரசு ஒலித்தது: "யார் சாயல்?"

"என் மகளின் சாயல் என்று சொல்லுங்கள்" என்றார் அரசர் சிரித்தபடி. பேத்தியையும் ஒருநாள் எங்கோ அனுப்பவேண்டியிருக்கும் என்ற நினைவு வந்தது. குழந்தையைத் தாயிடம் கொடுக்காமல் இன்னும் சற்று நேரம் நெஞ்சோடு வைத்திருந்தார்.