எழுபத்தெட்டுத் துடிப்பு

"என் உடம்பே என்னைக் கடிக்குதும்மா" என்றார் தில்லைநாயகம்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மலைச்சரிவில் இருந்த அந்தச் சிறிய ஆசிரமத்தின் குரு அவள். அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவள்.

"டாக்டர் என்ன சொல்றாரு?"

"காவலுக்கு இருக்கிற சக்தி சொந்த மூட்டுகளையே எதிரின்னு நினைச்சுத் தாக்குதாம். அதான் இந்த வீக்கம்." விரல்களைக் காட்டினார். "காலையில சட்டைப் பொத்தான் போட அரை மணி நேரம் ஆகுது."

"மாத்திரை?"

"போடறேன்."

"நிறுத்தாதீங்க."

"நிறுத்தலை. நான் கேக்க வந்தது வேற. மேல் குடிலுக்குப் போகணும். ஒரு மண்டலம். பேச்சு இல்லாம, ஆள் இல்லாம."

"இங்க மட்டும் உங்களுக்கு ஆள் இருக்கா?"

அவர் ஆசிரமத்துக்கு வந்து ஒரு வருடமாகிறது. வலிக்கும் என்று யாரும் அவர் கையைத் தொட்டதில்லை.

"மனசு அடங்கிடுச்சும்மா. அத்தாட்சி இருக்கு."

சட்டைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். தினமும் காலையில் தன் நாடியை எண்ணி எழுதியிருந்தார். எழுபத்தெட்டு. எழுபத்தெட்டு. பக்கம் பக்கமாக எழுபத்தெட்டு.

"கடிகாரம் மாதிரி ஓடுது. முன்னப்பின்ன கிடையாது."

அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்து நீட்டினாள்.

"என்னுதைப் பாருங்க, கார்டு சார்."

முப்பத்தொரு வருடம் சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டியில் கார்டாகத் தனியாகப் போனவர். ஆசிரமத்தில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அவள் மணிக்கட்டில் விரல்களை வைத்தார். கண்ணை மூடினார். சட்டென்று திறந்தார்.

"அம்மா, இது சரியில்லை. டாக்டர்கிட்ட காட்டுங்க."

"என்னவாம்?"

"மூச்சை இழுத்தா வேகமா ஓடுது. விட்டா தளர்ந்துடுது. நேரத்துக்கு ஓடலை."

அவள் சிரித்தாள். "காட்டியாச்சு. ஓய்வெடுக்கத் தெரிஞ்ச இதயம் அப்படித்தான் ஓடணுமாம்."

அவர் நோட்டைப் பார்த்தார்.

"வண்டியில எப்போ தூங்குவீங்க?" என்று கேட்டாள்.

"கார்டு தூங்கக்கூடாதும்மா. அடுத்த கார்டு வந்து கொடியைக் கையில வாங்கணும். அப்புறம்தான் தூக்கம்."

"கடைசி நாள் யார் வாங்கினா?"

அவர் நோட்டை மூடினார்.

"அந்த வண்டி ரயில்வே யார்டோட முடிஞ்சுது. எஞ்சினைக் கழட்டிட்டுப் போயிட்டாங்க. அடுத்த கார்டு தேவைப்படலை. நானா இறங்கி நடந்தேன்."

"கொடி?"

"தலையணைக்குக் கீழ இருக்கு."

"எடுத்துட்டு வாங்க."

கொண்டுவந்தார். பச்சை ஒன்று. சிவப்பு ஒன்று. நான்கு வருட மடிப்பு.

அம்மா எழுந்து நின்று இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள்.

"வண்டி எல்லாம் சரியா இருக்கா?"

அவர் நிமிர்ந்து நின்றார். "சரியா இருக்கும்மா."

"நான் பாத்துக்கறேன். போய்ப் படுங்க."

"மேல் குடில்?"

"இன்னும் ஒரு கட்டுக் கீரை இருக்கு" என்றாள்.

முறத்தை எடுத்துவந்து அவர் அறை வாசலில் உட்கார்ந்தாள். கொடிகள் மடியில் இருந்தன.

தில்லைநாயகம் பாயில் படுத்தார். பழக்கத்தில் தன் மணிக்கட்டைப் பிடித்து எண்ணினார். வெளியே கீரைக் காம்பு முறியும் சத்தம். நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு.

மூச்சை விட்டார்.

அடுத்த துடிப்பு தாமதமாக வந்தது.