உலா மாலை யாருக்கு?

பிள்ளைகளே, ஒரு விடுகதை. இளமையில் துரத்தினாலும் கூடவே வரும். வயதானால் கெஞ்சினாலும் வராது. அது என்ன? கொசு என்று சொல்லாதீர்கள். கொசு கடைசிவரை வரும். விடை: பிறர் பார்வை.

அது வராமல் போனதால்தான் பொன்னிவனத்து அரசன் மாறநம்பி அன்று அவையில் கொதித்துக்கொண்டிருந்தான்.

அவன் ஊரில் ஒரு வழக்கம். ஆண்டுக்கு ஒருமுறை அரசன் யானைமேல் உலா வருவான். உலா முடியும் தெருவில் ஒரு சிறு பெண், உலாவில் வந்தவர்களிலேயே அழகானவருக்கு மாலை போடுவாள். மாறநம்பி மீசை முளைத்த நாள் முதல் மாலை அவனுக்குத்தான். போன ஆண்டோ, குடை பிடித்து வந்த பூதனுக்கு விழுந்துவிட்டது.

"இந்த ஆண்டும் எனக்கு விழாவிட்டால், பூதன் நாட்டை விட்டே போக வேண்டும்!"

பூதனின் முகம் வெளுத்தது. அவனுக்குக் கல்யாணமாகி ஒரு மாதம்தான்.

"அவனை உலாவுக்கு அழைக்காமல் விட்டால் என்ன?" என்று கேட்டார் அமைச்சர் செண்பகநாச்சி. நரைத்த தலை, குறும்புக் கண்கள்.

"பயந்துவிட்டேன் என்பார்களே!"

"அரசே, ஒரு காலத்தில் நான் தெருவில் நடந்தால் வண்டிக்காரர்கள் மாட்டை மறந்து என்னைப் பார்ப்பார்கள். இப்போது 'பெரியம்மா, ஒதுங்குங்க' என்கிறார்கள். நான் யாரையாவது துரத்தினேனா?"

"உங்களுக்கு அந்த அதிகாரம் இல்லை அம்மா. இருந்திருந்தால் தெரிந்திருக்கும்!"

செண்பகநாச்சி சிரித்துவிட்டார். "சரி, உங்களைவிட மூத்தவருக்கு மாலை விழுந்தால்?"

"மூத்தவருக்கா?" அரசன் தொடையைத் தட்டிச் சிரித்தான். "அப்படி நடந்தால் பூதனை மன்னித்தேன். இனி யாரையும் அழகுக்காகத் தண்டிக்கவும் மாட்டேன். போதுமா?"

"போதும், அரசே."

உலா நாளன்று வாசலில் ஒரு கிழட்டு யானை நின்றது. தோலெல்லாம் சுருக்கம். காதெல்லாம் வெள்ளைப் புள்ளி.

"என் பட்டத்து யானை எங்கே?"

"அது வேகமாக நடந்துவிடும் அரசே" என்றார் செண்பகநாச்சி. "இந்த உலகம்மை மெதுவாக நடப்பாள். மக்கள் உங்களை நெடுநேரம் பார்க்கலாம்."

அரசனுக்கு அது மிகவும் பிடித்துப் போயிற்று. "இவளுக்கு என்ன வயது?"

"உங்கள் அப்பாவின் கல்யாண ஊர்வலத்தில் வந்தவள்."

அரசன் கேட்டுக்கொண்டே மீசையை முறுக்கினான். யோசிக்கவில்லை.

உலா முடிந்தது. அரசன் இறங்கி நெஞ்சை நிமிர்த்தி நின்றான். பூதன் குடைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டான். சிறுமி பூதனைப் பார்த்தாள். அரசனைப் பார்த்தாள். பிறகு மாலையை யானையின் துதிக்கையில் போட்டாள்.

"உங்களைவிட மூத்தவள்தானே, அரசே?" என்றார் செண்பகநாச்சி.