வெண்சுருள் குட்டி

ஒரு காட்டில் நாய்களுக்குச் சம்பந்தம் பேசி முடிக்கும் நரி ஒன்று இருந்தது. அதன் பெயர் மின்னான்.

அந்தக் காட்டில் மானும் முயலும்கூடக் காவலுக்கு நாய் வளர்க்கும். சிறுத்தை வந்தால் குரைக்க வேண்டும், வேறு வேலை கிடையாது. ஆனால் ஆசை சும்மா இருக்குமா? குரைத்தால் மட்டும் போதாது, பார்க்கவும் அழகாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் கேட்க ஆரம்பித்தார்கள்.

மின்னான் யோசித்தது. குளக்கரையில் சுருளி என்றொரு பெண் நாய் இருந்தது. உடம்பெல்லாம் சுருட்டை முடி. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து முத்தன் என்றொரு வேட்டை நாய் புதிதாக வந்திருந்தது. அது பால் வெள்ளை. இரண்டையும் சேர்த்து வைத்தால் வெள்ளைச் சுருட்டை முடியோடு குட்டி பிறக்கும்! அதற்கு ‘வெண்சுருள்’ என்று பெயரும் வைத்துவிட்டது. குட்டி பிறக்கும் முன்பே பெயர் பிறந்து, காடெல்லாம் சுற்றி வந்தது. ஆளாளுக்கு எனக்கொன்று, உனக்கொன்று என்று சொல்லிவைத்தார்கள்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. அதற்குக் கரை நிற்றல் என்று பெயர். நாய்களுக்குச் சம்பந்தம் பேசினால் இரு பக்கத்துச் சொந்தமும் குளக்கரைக்கு வர வேண்டும். எல்லோரும் குளத்தை ஒருமுறை சுற்றி ஓட வேண்டும். காலில் குறை இருந்தால் அதில் தெரிந்துவிடும். பிறகு தண்ணீரைப் பார்த்து நிற்க வேண்டும். குளத்து நாரை பின்னாலிருந்து ஒருமுறை இடப்பக்கமும் ஒருமுறை வலப்பக்கமும் நின்று கூப்பிடும். கூப்பிட்ட பக்கம் திரும்ப வேண்டும். குறை தெரிந்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள். இந்தச் சம்பந்தம் வேண்டாம், வேறு பார்க்கலாம் என்று அமைதியாகக் கலைந்து போவார்கள்.

சுருளி அதைத்தான் கேட்டது. மின்னானுக்குப் பொறுமை இல்லை. முத்தனின் சொந்தக்காரர்கள் மலை தாண்டி வர மூன்று மாதம் ஆகும், அதுவரை காத்திருந்தால் கேட்டவர்கள் எல்லோரும் வேறு குட்டி தேடிப் போய்விடுவார்கள் என்றது.

“ரெண்டும் வேற வேற குலம் அக்கா. கலந்தா ரெண்டு பக்கத்துக் குறையும் அடிபட்டுப் போயிடும். நல்லது மட்டும்தான் வரும்” என்றது.

யார் சொன்னது என்று சுருளி கேட்கவில்லை. அதற்கும் முத்தனைப் பிடித்திருந்தது. சுருளி பேசும்போதெல்லாம் முத்தன் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்கும். அது அவ்வளவு அழகாக இருக்கும்.

நாரை மட்டும் எதிர்த்தது. ஆனால் அது சொன்ன காரணமே வேறு. குலம் விட்டுக் குலம் கலப்பதே தப்பு என்றது. நாரை எதைத்தான் தப்பு என்று சொல்லவில்லை? யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நான்கு குட்டிகள் பிறந்தன. மூன்று பழுப்பு. ஒன்றே ஒன்று தும்பைப்பூ மாதிரி வெள்ளை, உடம்பெல்லாம் சுருட்டை. அதை மான் ஒன்று வாங்கிக்கொண்டது. போன கோடையில் தன் முதல் கன்றைச் சிறுத்தைக்குப் பறிகொடுத்த மான் அது. இந்த வருடக் கன்றையாவது காப்பாற்ற வேண்டும் என்ற பயம் அதற்கு. கன்றுதான் குட்டிக்குத் தும்பை என்று பெயர் வைத்தது. இரண்டும் ஒட்டிக்கொண்டே திரிந்தன. சுருளி தினமும் புதர் மறைவில் நின்று தன் குட்டியைப் பார்த்துவிட்டுப் போகும். பெற்ற வயிறு கேட்குமா?

ஒரு நாள் உச்சி வெயில். தாய் மான் தண்ணீர் குடிக்கப் போயிருந்தது. மரத்தடியில் கன்றும் தும்பையும் தூங்கின. சிறுத்தை பதுங்கிப் பதுங்கி வந்தது. முதலில் மயில் அகவியது. பிறகு குரங்குகள் கத்தின. கன்று கண் விழித்தது. ஆனால் தும்பை அசையாமல் படுத்திருந்ததைப் பார்த்து, காவல்காரனே தூங்குகிறான், பயமில்லை என்று மறுபடி தலையைச் சாய்த்துக்கொண்டது.

புதரிலிருந்து சுருளி பாய்ந்து வந்தது. தொண்டை கிழியக் குரைத்தது. தான் வந்தது எல்லோருக்கும் தெரிந்துவிட்டதால் சிறுத்தை முறைத்துவிட்டுத் திரும்பிப் போனது. அப்போதும் தும்பை எழவில்லை. அம்மாவின் மூக்கு மேலே பட்ட பிறகுதான் விழித்து, வாலை ஆட்டியது.

சுருளிக்குப் புரிந்துவிட்டது.

சாயங்காலம் எல்லோரும் குளக்கரையில் கூடினார்கள். தாய் மான் அழுதுகொண்டே கேட்டது. “காவலுக்குத்தானே குட்டி கேட்டேன்? காது கேக்காததைக் குடுத்திட்டியே மின்னான். என் பிள்ளை போயிருந்தா?”

மின்னான் சமாளிக்கப் பார்த்தது. பழுப்பில் ஒன்றை மாற்றித் தருவதாகவும், இதை மலைக்கு அப்பால் கொண்டுபோய் விட்டுவிடுவதாகவும் சொன்னது. அங்கே விட்டால் அந்தக் குட்டி ஒரு நாள்கூடத் தாங்காது. அது எல்லோருக்கும் தெரியும்.

“கலந்ததோட பலன்!” என்றது நாரை.

சுருளி குட்டியை முன்காலுக்குள் இழுத்துக்கொண்டது. “கலந்தது தப்பில்ல, நாரை. கேக்காம கலந்ததுதான் தப்பு. அதுல எனக்கும் பங்கு இருக்கு. இப்பவாவது கரை நிக்க வெச்சுக் கேளுங்க.”

கூட்டத்திலிருந்து முத்தன் முன்னே வந்து, தண்ணீரைப் பார்த்து நின்றது. நாரை வலப்பக்கம் நின்று கூப்பிட்டது. முத்தன் திரும்பியது. இடப்பக்கம் போய்க் கூப்பிட்டது. முத்தன் மறுபடி வலப்பக்கமே திரும்பி, அங்கே யாரும் இல்லாததைக் கண்டு விழித்தது.

அந்தத் தலைச்சாய்ப்பு எதற்கு என்று அப்போதுதான் சுருளிக்கு விளங்கியது.

“எங்க வீட்டுல எல்லாரும் வெள்ளை. பல பேர் இப்படித்தான்” என்றது முத்தன். “எல்லாருக்கும் இப்படித்தான் கேக்கும்னு நெனச்சிருந்தேன்.”

கலப்பே இல்லாத குலத்திலிருந்து வந்த குறை அது.

மான் கன்று எழுந்து வந்து தும்பையின் பக்கத்தில் படுத்துக்கொண்டது. தும்பையை எங்கும் அனுப்பக் கூடாது என்றது. தாய் மான் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தது. “காவலுக்கு வேற ஏற்பாடு பண்ணிக்கிறேன். இது என் வீட்டுப் பிள்ளையாவே இருக்கட்டும்” என்றது.

அந்த வேறு ஏற்பாடு யார் என்று சுருளி தீர்த்துச் சொல்லிவிட்டது. குட்டியைக் கொண்டுவந்தது மின்னான். அதற்குக் காதும் நல்ல கூர்மை. ஆகவே தும்பை இருக்கும் வரை அதற்கு மின்னான்தான் காது. இனி கரை நிற்காமல் எந்தச் சம்பந்தமும் பேசக் கூடாது.

முதலில் மின்னான் முணுமுணுத்துக்கொண்டுதான் போய் உட்கார்ந்தது. மயில் அகவினால் மூக்கால் தும்பையைத் தட்டும். தும்பை எழுந்து, இடி மாதிரி குரைக்கும். குரலில் அதற்கு ஒரு குறையும் இல்லை! பிறகு ஓடி வந்து மின்னானின் முகத்தை நக்கும். நாள் போகப் போக, யாரும் சொல்லாமலே மின்னான் விடிந்ததும் அங்கே வர ஆரம்பித்தது. மழைக்கு முன் இரண்டு நாய்களுக்குச் சம்பந்தம் பேச யாரோ அதைக் கூப்பிட்டார்கள். மின்னான் தூங்கும் தும்பையைப் பார்த்துக்கொண்டே, முதலில் இரு பக்கத்துச் சொந்தமும் குளக்கரைக்கு வரட்டும், எத்தனை மாதம் ஆனாலும் சரி என்றது.

ஓர் உயிரை உண்டாக்க ஆசைப்படுகிறவர்கள், அதன் அழகைக் கேட்கும் முன் அதன் நலத்தைக் கேட்க வேண்டும். பிறந்த பின் அதைக் கடைசி வரை கைவிடவும் கூடாது.