ஒட்டிக்கொள்ளும் பலகை

“ஆசானே, இந்த பிளேடும் சரியில்லை.”

அறுக்கிற மெஷினை நிறுத்திவிட்டுச் சவரிமுத்து சொன்னார்.

ஷமீமா நிமிரவில்லை. கடைகளுக்குப் பெயர்ப்பலகை செய்யும் அந்தப் பட்டறைக்கு முதலாளியும் அவள்தான், ஆசானும் அவள்தான். சவரிமுத்துவைவிட நன்றாகவே இளையவள்.

“என்ன செய்யுது அண்ணாச்சி?”

“அறுத்துக்கிட்டேதான் போகுது. திரும்பிப் பாத்தா, அறுத்த இடம் உருகிப் பின்னாலேயே ஒட்டிக்கிடுது.”

மேசைமேல் கிடந்தது சிவப்பு அக்ரிலிக் பலகை. ‘சவரி – ஞானம் தையலகம்’.

அந்தக் கடையில் துணி வெட்டுகிறவன் ஞானதுரை. சேர்த்துத் தைக்கிறவர் சவரிமுத்து. எதற்கோ ஒரு சண்டை. ஞானதுரை கோபித்துக்கொண்டு போய்த் தென்காசியில் தனிக்கடை போடுகிறான். ‘ராசியான எழுத்து, என் பேரை மட்டும் வெட்டி அனுப்பு’ என்று ஆள்விட்டுச் சொல்லியிருந்தான்.

வேறு யார் கையும் அதில் படக் கூடாதென்று, வெட்டக் கற்றுக்கொள்ளத் தானே வந்துவிட்டார் சவரிமுத்து.

“பிளைவுட் அறுக்கிற பிளேடைப் போட்டுப் பாத்திய. துண்டு ஷீட்டுல ஓரமெல்லாம் பேந்துது. பொடிப்பல் பிளேடு கேட்டிய, தந்தேன். இப்ப எப்படித் தள்ளுதிய?”

“மெதுவா. நோகாம.”

“யாருக்கு நோகாம?”

அவர் பலகையின் ஓரத்தைத் துடைத்தார்.

“அக்ரிலிக் அண்ணாச்சி இது. பிளேடு ஒரே இடத்துல நின்னு சுத்தினா சூடேறும், சூடேறினா உருகும். எத்தனை பல் இருந்தாலும் தயங்கப்படாது.”

ஒரு துண்டு ஷீட்டை எடுத்து நீட்டினாள்.

“இதை அறுங்க.”

ஒரே தள்ளு. ஓரம் கண்ணாடிபோல் வந்தது.

“பிளேடு நல்லாத்தான் இருக்கு,” என்று முனகினார்.

“கையும்,” என்றாள் ஷமீமா.

மறுபடி சிவப்புப் பலகையை வைத்தார். பிளேடு சுழன்றது. சவரிக்கும் ஞானத்துக்கும் நடுவே நுழைந்தது. கை தானாக நின்றது.

தீய்ந்த வாடை.

நிறுத்திவிட்டு விரலால் தடவிப் பார்த்தார். மூடிக்கொண்டிருந்தது. தழும்பு மட்டும் தட்டுப்பட்டது.

ஷமீமா சிரித்தாள். “தையல்காரர் கை! அறுத்ததையும்லா தைக்குது!”

சவரிமுத்து சிரிக்கவில்லை. வெகுநேரம் அந்தத் தழும்பின்மேலேயே விரலை வைத்திருந்தார்.

“பலகை நீளம்மா. அந்தப் பக்கம் கிடந்து ஆடுது. அதான் வரமாட்டேங்குது. நீ கொஞ்சம் மறுபக்கம் பிடியேன்.”

ஷமீமா எழுந்து வந்தாள். பலகையின் மறுமுனை வரை போனாள். தொடவில்லை.

“நான் பிடிச்சா பலகை ரெண்டாயிரும் அண்ணாச்சி.”

மெஷின் ஓய்ந்திருந்தது. தெருவில் யாரோ யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

சவரிமுத்து சட்டையில் ஒட்டியிருந்த சிவப்புத் தூளைத் தட்டிவிட்டார். செருப்பைத் தேடி மாட்டினார்.

“மறுபக்கம் பிடிக்க ஆள் கூட்டிட்டு வாரேன்,” என்றார். “இப்ப தென்காசிக்கு பஸ் உண்டுமா?”