வெள்ளைக் கரப்பான்

“அந்தப் பொண்ணு வந்து எட்டு நாள்தான் ஆகுது. அதுக்குள்ள வெள்ளைக் கரப்பான்!”

காய் நறுக்கும் இடத்தில் யாரோ யாரிடமோ சொன்னது, தாண்டவன் காதில் விழுந்தது.

ஆசிரமத்தில் அவர் பதினெட்டு வருடச் சீடர். மளிகை அறை அவர் பொறுப்பு. நேரே குரு குழலியம்மாவிடம் போனார். குரு அவரைவிடப் பத்து வயது இளையவர்.

“அம்மா, புதுச் சமையல்காரி மரகதத்தை அனுப்பிடணும்.”

“என்ன செய்தாள்?”

“கரப்பான்பூச்சி கொண்டுவந்திருக்கா. வெளியூர்க் கரப்பான். வெள்ளையா இருக்கு. நம்ம ஊர்ல அப்படி ஒண்ணு கிடையாது.”

“மடியில் கட்டிக்கொண்டு வந்தாளா?”

“துணிப்பையில வந்திருக்கும். அந்தப் பையை யாரும் தொடக் கூடாதுங்கறா. அதுவே சந்தேகம்தான்.”

“போவதற்கு அவளுக்கு வேறு இடம் இருக்கிறதா?”

“இல்லைன்னுதான் சொல்றா. அதையும் நம்ப முடியல.”

“கரப்பானைக் காட்டுங்கள்.”

அடுப்பு மேடையின் ஓரத்தில் ஓடாமல் நின்றிருந்தது. விரல் நகத்தைவிடச் சற்று நீளம். தேங்காய்த் துருவல் வெள்ளை. கண்கள் மட்டும் கறுப்பு.

குரு அதன்மேல் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தார். அடியில் ஒரு அட்டையைச் செருகித் தூக்கினார்.

“இதை மளிகை அறையில் வைத்துப் பூட்டுங்கள். சாயங்காலம் பார்க்கலாம். அந்த அறைக்குள் மரகதம் வருவதுண்டா?”

“ஒருநாளும் இல்ல. உப்பைக்கூட நானே அளந்து வாசல்ல வச்சுக் கொடுக்கிறேன்.”

சாயங்காலம் பூட்டைத் திறந்தார்கள்.

டம்ளருக்குள் வெள்ளை இல்லை. வெளிர்ப் பழுப்பில் ஒரு கரப்பான். தலைக்குப் பின்னால், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கருங்கோடுகள். எல்லா அடுக்களையிலும் ஓடுகிற அதே சின்னக் கரப்பான்.

“மாத்திட்டாங்க!” என்றார் தாண்டவன்.

“யார்?”

“வேற யாரு? அவதான்.”

“சாவி?”

தாண்டவன் இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். இருந்தது.

“அப்போ இன்னொரு சாவி இருக்கணும்.”

“யாரிடம்?”

தாண்டவன் குருவை மேலும் கீழும் பார்த்தார்.

குரு சிரிக்கவில்லை. “நாளைக்கு நீங்களே உள்ளே இருங்கள். தாழ் போட்டுக்கொள்ளுங்கள்.”

“இருந்து?”

“டின்களுக்குப் பின்னால் பாருங்கள்.”

மறுநாள் காலை தாழைப் போட்டார். இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். ஜன்னல் கொக்கியையும் பார்த்தார்.

பிறகு வெல்ல டின்னை நகர்த்தினார்.

நாலைந்து சிதறி ஓடின. ஒன்று மட்டும் ஓடவில்லை. இறக்கையில்லாத கருங்குஞ்சு, சுவரைப் பிடித்தபடி இருந்தது.

அதன் முதுகு நடுவில் வெடித்தது.

உள்ளிருந்து வெள்ளையாக ஒன்று பிதுங்கியது. தலை வந்தது. கால்கள் ஒவ்வொன்றாக வந்தன. கசங்கிய இறக்கை விரிந்தது. பழைய தோல் சுவரிலேயே நின்றது.

தாண்டவன் திரும்பித் தாழைப் பார்த்தார். போட்டபடி இருந்தது.

அதற்குப் பிறகு அவர் வேறெங்கும் பார்க்கவில்லை.

வெள்ளை முதலில் பாலாடை நிறமானது. பிறகு, டீ ஊறுகிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாகச் சாயம் ஏறியது. தலைக்குப் பின்னால் ஏதோ மங்கலாகத் தெரிந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார்.

ஒரு கோடு. பக்கத்தில் இன்னொரு கோடு.

கதவு தட்டும் சத்தம்.

“ஐயா, ரெண்டு மணியாச்சு. சோறு ஆறிப்போச்சு. உள்ள என்னதான் பண்றீங்க?” மரகதத்தின் குரல்.

தாண்டவன் எழுந்து தாழை நீக்கினார். வெல்ல டின்னைத் தூக்கிக்கொண்டு அவளைத் தாண்டி நடந்து, எல்லாரும் பார்க்கிற முற்றத்து வெயிலில் இறக்கி வைத்தார்.

திரும்பி வந்து அடுத்த டின்னைத் தூக்கினார்.